எண்ணில் எழுதப்படும் நிறம்: மிதப்புப் புள்ளி முறையும் சேலத்தின் முதல் வண்ணப்படமும்

ஆய்வுச் சுருக்கம்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் தயாரித்து 1956இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று திரைப்பட வரலாறுகள் குறிப்பிடுகின்றன. அவ்வண்ணத்தை இன்றைய பார்வையாளர் எண்களின் வழியாகவே காண்கிறார். நிறத்தைக் கணினியில் 0 முதல் 255 வரையிலான முழு எண்ணாக எழுதுவதும் மிதப்புப் புள்ளி எண்ணாக எழுதுவதும் சேமிப்புமுறை வேறுபாடு மட்டுமன்று. படத்தின் மூலத்திலிருந்து எதைத் தக்கவைப்பது, எதைக் கைவிடுவது என்னும் பதிப்புத் தேர்வும் ஆகும். இத்தேர்வின் விளைவுகளைச் சாயம் வெளிறிய படச்சுருளின் மீட்டெடுப்புக் கணக்கைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச் சொற்கள்: மிதப்புப் புள்ளி எண், நிறத்தடம், கேவாகலர், மாடர்ன் தியேட்டர்ஸ், கீழ்வாய் இலக்கம், பாடவேறுபாடு

முன்னுரை

டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், தென்னிந்தியத் திரைப்பட வரலாற்றில் பல தொடக்கங்களுக்கு உரியது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடிக்க, சுந்தரமே இயக்கிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956ஆம் ஆண்டு பொங்கல் வெளியீடாக வந்தது. மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ 1961இல் இதே நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. சுந்தரம் 1963இல் மறைந்தார். படப்பிடிப்புத் தளங்கள் இருந்த இடத்தில், ஏற்காடு சாலையை நோக்கிய முகப்பு வளைவு மட்டும் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

‘முதல் வண்ணப்படம்’ என்னும் தொடர் தமிழ்த் திரைப்பட எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. அத்தொடரில் ‘முதல்’ என்பதற்குக் கிடைக்கும் கவனம் ‘வண்ணம்’ என்பதற்குக் கிடைப்பதில்லை. ஆண்டும் நடிகர் பெயரும் ‘கேவாகலர்’ என்னும் வணிகப் பெயரும் சொல்லப்பட்டதும் செய்தி முடிந்துவிடுகிறது. எந்தச் சிவப்பு, எந்தப் பொன்மஞ்சள், அவை எந்தப் படியில் காணக்கிடைக்கின்றன என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. இன்று ஆய்வாளர் கைக்கு எட்டுவது பெரும்பாலும் தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்தோ குறுந்தட்டிலிருந்தோ இணையத்திலிருந்தோ கிடைக்கும் படி. அதன் ஒவ்வொரு படப்புள்ளியும் மூன்று எண்கள். அந்த எண்கள் எவ்வாறு எழுதப்பட்டன என்பதை அறியாமல் படத்தின் வண்ண அழகியலைப் பேசுவது, ஏட்டுச்சுவடியின் வழிவரலாறு அறியாமல் ஒரு சொல்லின் நயத்தைப் பேசுவதற்கு ஒப்பாகும்.

பெயராகும் எண், வரிசையாகும் எண், அளவாகும் எண்

நிறத்துக்கு எண் இடுவது கணினியோடு தோன்றிய வழக்கம் அன்று. சேலம், நாமக்கல் சமவெளியின் தொழில்களிலேயே அதன் வேறுபட்ட வடிவங்களைக் காணலாம். இளம்பிள்ளையின் சேலை நெசவில் ஜக்கார்டு தறிக்குரிய வடிவமைப்பு ஒரு கட்டத்தாளே. ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓரிடம். கட்டத்தாள் கணினித் திரைக்கு மாறிய பின்னும் அடிப்படை மாறவில்லை. திரையில் சிவப்பாகத் தெரியும் கட்டம் சிவப்பின் அளவைச் சொல்வதில்லை. இன்ன நூல் மேலே வரவேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. அங்கு 3 என்னும் எண் ஒரு பெயர். மூன்றாம் நூலுக்கும் நான்காம் நூலுக்கும் நடுவே மூன்றரையாம் நூல் இல்லை.

முட்டைத் தொழிலில் மஞ்சள்கருவின் நிறத்தை மதிப்பிட ரோச் நிறுவனத்தின் பெயரால் அறியப்பட்ட நிறவிசிறி ஒன்று உண்டு. வெளிர்மஞ்சளில் தொடங்கி ஆழ்ந்த செம்மஞ்சளில் முடியும் 15 இதழ்கள். உடைத்த முட்டையின் அருகே விசிறியைப் பிடித்து, ஒத்துவரும் இதழின் எண்ணைக் குறித்துக்கொள்வர். தீவனத்தில் மக்காச்சோளம் போன்ற நிறமிப் பொருள்கள் கூடினால் எண்ணும் கூடும். முட்டை வணிகத்தால் பெயர்பெற்ற நாமக்கல்லில் இவ்வகை எண்ணின் பொருளை விளக்க வேண்டியதில்லை. இந்த எண் வெறும் பெயர் அன்று; வரிசை. ஆயினும் 12ஆம் நிறம் 6ஆம் நிறத்தைப் போல் இருமடங்கு மஞ்சள் என்று யாரும் சொல்வதில்லை.

திரைப்படப் படப்புள்ளியில் உள்ள எண் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. குறைந்தது வேறுபட்டிருக்க வேண்டும். அது படச்சுருளின் வழியே எவ்வளவு ஒளி ஊடுருவியது என்பதன் அளவு. அளவாயின் அதைப் பாதியாக்கலாம், இருமடங்காக்கலாம், மற்றொன்றோடு கூட்டலாம். நடைமுறையிலோ அது பல வேளைகளில் விசிறியின் எண்ணைப் போலவே கையாளப்படுகிறது. வண்ணப்படங்களின் மின்வடிவ மீட்டெடுப்பில் காணப்படும் பல பிழைகளின் வேர், வரிசையெண்ணை அளவெண்ணாக எண்ணிக் கணக்கிடுவதில் இருக்கிறது.

255 என்னும் வேலி

கணினி பயிலும் மாணவர் நிறத்தை முதலில் சந்திப்பது வலைப்பக்க வடிவமைப்பில். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8 பிட். ஆகவே ஒவ்வொன்றிலும் 256 படிகள். மூன்றும் பெருகினால் 1,67,77,216 நிறங்கள். இப்பெருந்தொகை நிறைவான உணர்வைத் தருகிறது. கண்ணால் பிரித்தறியக்கூடிய நிறங்கள் அனைத்தும் இதில் அடங்கிவிட்டன என்று பாடங்கள் கூறிச்செல்வதும் உண்டு. அக்கூற்று இரு வகையில் தவறானது. கோடிக்கணக்கான அந்நிறங்கள் ஒரு குறிப்பிட்ட நிறவெளிக்கு உட்பட்டவை. கண் காணும் பல செறிந்த நிறங்கள் அவ்வெளிக்குப் புறத்தே உள்ளன. அன்றியும், ஒரே நிறத்தடத்தில் இருப்பவை 256 படிகளே. மாலை வானம் போல் ஒரே நிறம் மெல்ல மெல்ல மங்கும் பரப்பில் அந்தப் படிகள் வரிவரியாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மேலும் 0 முதல் 255 வரையிலான எண் ஒளியோடு நேர்விகிதத்தில் அமைவதும் இல்லை. 1996இல் ஹியூலெட்-பேக்கர்ட், மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் முன்வைத்து 1999இல் பன்னாட்டுத் தரமான எஸ்.ஆர்.ஜி.பி. முறை, ஒளியை ஒரு வளைவின் வழியே எண்ணாக்குகிறது. இருண்ட பகுதியில் கண் நுட்பமாக வேறுபாடறியும் என்பதால் அங்கே மிகுதியான எண்களும், ஒளிமிகுந்த பகுதியில் குறைவான எண்களும் ஒதுக்கப்படுகின்றன. இருப்பதே 256 இடம் என்னும் நெருக்கடியில் இது அறிவார்ந்த சிக்கனம். ஆனால் இதனால் 128 என்பது பாதி ஒளியைக் குறிக்காது. முழு ஒளியில் ஏறக்குறைய 21.6 விழுக்காட்டையே குறிக்கும். பாதி ஒளிக்குரிய எண் 188.

இவ்வேறுபாட்டை ஒரு துணியின் படத்தில் காணலாம். கறுப்பு நூலும் வெள்ளை நூலும் மாறிமாறி வரும் நெசவைத் தொலைவிலிருந்து பார்க்கும் கண் பாதி ஒளியைப் பெறுகிறது. அத்துணியின் படத்தைக் கணினியில் சிறிதாக்கும்போது, நிரல் 0, 255 என்னும் எண்களை அப்படியே கூட்டி இரண்டால் வகுத்தால் 127 அல்லது 128 கிடைக்கும்; துணி இருண்டுபோகும். எண்களை முதலில் ஒளியளவாக மாற்றி, சராசரி கண்டு, மீண்டும் வளைவில் ஏற்றினால் 188 கிடைக்கும். முதல் நிரல் செய்தது விசிறி இதழ்களின் எண்களைக் கூட்டுவது போன்ற வேலை. இரண்டாம் நிரலின் இடைநிலைக் கணக்கில் பின்னங்கள் வருகின்றன. அவற்றை 256 படிகளுக்குள் திணித்தால் இருண்ட பகுதி சிதைந்துவிடும். நிற எண் முழு எண்ணாக இருத்தல் போதாது என்னும் நிலை இங்குத் தோன்றுகிறது.

கீழ்வாய் இலக்கமும் மிதக்கும் புள்ளியும்

மிதப்புப் புள்ளி எண் என்பது கணினியில் பின்னத்தை எழுதும் முறை. 1985இல் வகுக்கப்பட்ட ஐ.இ.இ.இ. 754 தரத்தின்படி 32 பிட் எண்ணில் ஒரு பிட் குறிக்கும், 8 பிட் அடுக்குக்கும், 23 பிட் மதிப்பிலக்கத்துக்கும் உரியவை. அடுக்கு எண்ணின் தரத்தைத் தீர்மானிக்கிறது. மதிப்பிலக்கம் அத்தரத்துக்குள் நுட்பத்தைத் தருகிறது. நிறத்தை இம்முறையில் எழுதும்போது 0 என்பது இருள், 1.0 என்பது குறிப்பு வெண்மை. நடுவே உள்ளவை பின்னங்கள்.

தமிழ் மரபு அறிந்தவருக்கு இவ்வமைப்பு அயலானதன்று. கணக்கதிகாரம் போன்ற நூல்கள் வழங்கும் கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி 320இல் ஒரு பங்கு. அதனினும் நுண்ணிய அளவு வேண்டும்போது புதிய பெயர்த்தொகுதி படைக்கப்படவில்லை. பழைய பெயர்களுக்கு முன் ‘கீழ்’ என்னும் அடை சேர்க்கப்பட்டது. கீழரை என்பது முந்திரியில் அரை. கீழ்முந்திரி என்பது முந்திரியில் முந்திரி, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. ‘கீழ்’ என்னும் அடையே இங்கு அடுக்கின் பணியைச் செய்கிறது. அரை, கால், மா, காணி ஆகியவை மதிப்பிலக்கத்தின் பணியைச் செய்கின்றன. அளவு எவ்வளவு சிறுத்தாலும் அதற்குள் பகுத்துரைக்கும் நுட்பம் குறைவதில்லை. இதுவே மிதப்புப் புள்ளியின் உயிர்நிலையும் ஆகும்.

ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. முறியும் இடமும் பயனுடையது. அரை, கால், அரைக்கால், மாகாணி ஆகியவை முறையே 2, 4, 8, 16 என்னும் இரண்டின் மடிகளில் ஒரு பங்காதலின் இருமத்தில் சிறிதும் பிசகின்றி எழுதப்படும். இருபதில் ஒரு பங்காகிய மாவும் எண்பதில் ஒரு பங்காகிய காணியும் அவ்வாறு எழுதப்படா. அவற்றின் பகுதியில் 5 என்னும் காரணி உள்ளது. இருமா, அதாவது 0.1, கணினியில் என்றும் ஒரு தோராயமே. 51ஐ 255ஆல் வகுத்தால் வரும் 0.2ம் அவ்வாறே. இதனால் இரு நிறங்கள் ஒன்றா என்று மிதப்புப் புள்ளி எண்களைச் சமக்குறியிட்டு ஒப்பிடும் நிரல் ஏமாறும். சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் ஒப்பீடே ஏற்றது. மேலும், 255ஆல் வகுக்க வேண்டியதை 256ஆல் வகுக்கும் பிழை இன்னும் பல நிரல்களில் காணப்படுகிறது. அதன் விளைவு, தூய வெண்மை 0.996 ஆகி, படத்தில் வெண்மையே இல்லாமற் போதல்.

திரைப்படத் துறையில் 32 பிட்டைவிட 16 பிட் அரை மிதப்பு எண்ணே மிகுதியும் வழங்குகிறது. இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் உருவாக்கி 2003இல் பொதுப் பயன்பாட்டுக்கு வழங்கிய ஓப்பன்இ.எக்ஸ்.ஆர். கோப்புமுறை இதனைப் பரவலாக்கியது. 5 பிட் அடுக்கு, 10 பிட் மதிப்பிலக்கம். உச்ச மதிப்பு 65,504. அரைக்கும் ஒன்றுக்கும் இடையில் 2,048இல் ஒரு பங்கு என்னும் படியளவு கிடைக்கிறது. இருளை நோக்கிச் செல்லச் செல்லப் படியளவு மேலும் நுணுகுகிறது.

வெளிறிய சாயத்தின் கணக்கு

கேவாகலர், பெல்ஜியத்தின் கேவார்ட் நிறுவனத் தயாரிப்பு. இவ்வகைப் படச்சுருளில் சயான், மெஜந்தா, மஞ்சள் என்னும் மூன்று சாயங்கள் படலத்தின் அடுக்குகளில் வேதிவினையின்போதே உருவாகின்றன. சயான் சிவப்பு ஒளியையும் மெஜந்தா பச்சை ஒளியையும் மஞ்சள் நீல ஒளியையும் தடுக்கும். இச்சாயங்கள் நிலையானவை அல்ல. வெப்பமும் ஈரப்பதமும் கூடக்கூட அவை வேகமாக வெளிறும். மூன்றும் ஒரே வேகத்தில் வெளிறுவதும் இல்லை. அக்கால வண்ணப் படிகள் பலவற்றில் சயான் முந்தி வெளிறுவதால் படம் முழுவதும் செந்நிறம் ஏறிவிடும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தோன்றியதே 1964இல். சேலத்தின் முதல் வண்ணப்படம் வெளிவந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின்.

செம்மையேறிய படத்தைத் திருத்துவதென்றால் சிவப்பைச் சற்றுக் குறைத்துவிட்டால் போதும் என்பது பொதுக் கருத்து. கணக்கு அதற்கு இடந்தரவில்லை. சாயத்தின் வலிமை அடர்த்தியால் அளக்கப்படும். அடர்த்தி என்பது ஊடுருவும் ஒளிப்பங்கின் மடக்கை எண்ணை எதிர்மறையாக்கியது. சான்றாக, ஒரு படியில் சயான் சாயம் தன் அடர்த்தியில் 40 விழுக்காட்டை இழந்தது எனக் கொள்ளலாம். முன்பு அடர்த்தி 1.0 இருந்த இடத்தில் சிவப்பு ஒளியில் பத்தில் ஒரு பங்கு ஊடுருவியது. இப்போது அடர்த்தி 0.6 ஆக, ஊடுருவல் 0.251 ஆகிறது. அதாவது இரண்டரை மடங்கு. முன்பு அடர்த்தி 0.1 மட்டுமே இருந்த வெளிச்சமான இடத்திலோ ஊடுருவல் 0.794இலிருந்து 0.871 ஆகிறது, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயர்வு. ஒரே வெளிறல், நிழலில் பெருங்கேடும் வெளிச்சத்தில் சிறு கேடுமாகச் செயற்பட்டிருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவு சிவப்பைக் குறைத்தால் நிழல் சிவந்தே இருக்கும், முகங்கள் நீலம் பூத்துவிடும். இணையப் படிகளில் பழைய வண்ணப்படங்களின் முகங்கள் சாம்பல் படிந்தும் மூலைகள் செந்நிறமாகவும் தோன்றுவதற்கு இவ்வகைத் திருத்தமே ஒரு காரணமாகலாம்.

உரிய திருத்தம் அடர்த்தியை 0.6ஆல் வகுப்பது, ஒளியளவில் சொன்னால் ஊடுருவலை 1.667 என்னும் அடுக்குக்கு உயர்த்துவது. 0.251 மீண்டும் 0.1 ஆகும். இத்திருத்தத்தை 8 பிட் முழு எண்ணில் செய்தால் என்ன நேரும்? ஒளியளவை நேராக 255 பங்காக்கி எழுதியதாகக் கொண்டால், 0 முதல் 6 வரையிலான ஏழு எண்களும் திருத்தத்துக்குப் பின் 0 ஆகின்றன. வருடியில் தனித்தனியாகப் பதிவான ஏழு இருட்டுகள் ஒரே இருட்டாகிவிட்டன. வளைவு முறையில் எழுதினால் விழுங்கப்படும் ஒளிப்பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆயினும் அங்கே 0 முதல் 15 வரையிலான பதினாறு எண்கள் ஒன்றாகிவிடும். அரை மிதப்பு எண்ணில் இவற்றுள் ஒன்றும் மறைவதில்லை. 6க்கு இணையான 0.0235 திருத்தத்துக்குப் பின் 0.0019 ஆகிறது, அதற்குக் கீழேயும் பகுத்துரைக்க இடமிருக்கிறது.

அலிபாபா கதையின் மையம் ஒரு குகை. புதையலும் பிளவுண்ட பாறையும் இருட்டும் சேர்ந்த வெளி அது. அவ்வெளியின் இருட்டில் எத்தனை தரம் இருந்தது என்பது ஒளிப்பதிவின் கலை பற்றிய வினா. அத்தரங்களை ஒரு நிரலின் முழுமையாக்கல் விழுங்கிவிட்ட படியைப் பார்த்துவிட்டு, ‘தொடக்ககால வண்ணப்படங்களில் நிழலின் நுட்பம் இல்லை’ என்று ஒருவர் எழுதினால் அது படத்தைப் பற்றிய தீர்ப்பாகாது, கோப்பைப் பற்றிய தீர்ப்பே ஆகும். வண்ணம் புதிதாயிருந்த காலம் என்பதால் கண்ணைப் பறிக்கும் நிறங்களே இருந்திருக்கும் என்னும் முன்முடிவு, இத்தகைய படிகளால் எளிதில் உறுதிபெற்றுவிடுகிறது.

ஒன்றுக்கு மேலும் ஒளி

முழு எண் முறையில் 255க்கு மேல் இடமில்லை, மீறுவது கத்தரிக்கப்படும். 200 என்னும் எண்ணை ஒன்றரை மடங்காக்கினால் 300 வரவேண்டும். 255 என்றே எழுதப்படும். அடுத்த படிநிலையில் அதை மீண்டும் ஒன்றரையால் வகுத்தால் 170 கிடைக்கும். ஏற்றியதை இறக்கினாலும் பழைய நிறம் திரும்புவதில்லை. மிதப்புப் புள்ளியில் 0.784 என்பது 1.176 ஆகி, மீண்டும் 0.784 ஆகிறது. மீட்டெடுப்பு என்பது பத்துப் பதினைந்து திருத்தங்களின் தொடர். இடையில் ஒரு திருத்தம் ஒன்றைக் கடந்து செல்வது இயல்பு. கடைசிப் படியில் மட்டும், திரைக்குரிய எல்லைக்குள் அதைக் கொண்டுவந்தால் போதும்.

இதில் கணக்குக்கு அப்பாற்பட்ட வினாவும் ஒன்றுண்டு: 1.0 எது? புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு வேட்டி நிழலில் இருக்கும்போது அதையே குறிப்பு வெண்மையாகக் கொள்ளலாம். அதே வேட்டியின் மடிப்பில் வெயில் பட்டுப் பளிச்சிடும் இடம் 1.0க்கு மேல் பலமடங்கு. முழு எண் முறையில் இரண்டும் 255. அப்போது பட்டுக்கும் பருத்திக்கும் உள்ள வேறுபாடே அழிகிறது. மினுக்கம்தானே பட்டின் இயல்பு. குகையில் குவிந்த பொன்னுக்கும் இது பொருந்தும். மஞ்சள் பூசிய அட்டைக்கும் பொன்னுக்கும் உள்ள வேறுபாடு நிறத்தில் இல்லை, வெண்மையை மீறும் சில புள்ளிகளில் இருக்கிறது. எதிர்த்திசையில், ஒரு நிறவெளிக்குள் அடங்காத செறிந்த நிறம் அந்த வெளியின் எண்களில் குறையெண்ணாக வெளிப்படும். குறையெண் நிறம் என்பது பொருளற்றதாகத் தோன்றலாம். ஆயினும் அது ‘இந்நிறம் இங்கு அடங்காது’ என்னும் நேர்மையான குறிப்பு. 0 என்று கத்தரிப்பதைவிட அதைத் தக்கவைப்பதே மேல்.

மிகைநுட்பத்தின் பொய்

மிதப்புப் புள்ளியைப் போற்றும் எழுத்துகள் அதன் குறையை மறைத்துவிடுவதும் உண்டு. 8 பிட்டில் வருடிய கோப்பை 32 பிட்டுக்கு மாற்றிவிட்டால் இழந்தவை திரும்பிவிடும் என்னும் நம்பிக்கை அவற்றுள் முதன்மையானது. ஒரு நிறத்தடத்தில் 40 முதல் 100 வரையிலான 61 எண்களே பதிவாகியிருந்தால், அவற்றை முழு அளவுக்கு விரித்தாலும் 61 தரங்களே இருக்கும்; இடைவெளிகள் வெற்றிடமாகவே நிற்கும். மிதப்புப் புள்ளி மேலும் இழக்காமல் காக்கும், இழந்ததைத் தராது. ஆகவே வருடும் நிலையே முதன்மையானது. கோடக் நிறுவனத்தின் சினியான் முறை படச்சுருளின் அடர்த்தியை 10 பிட்டில், ஒரு படிக்கு 0.002 என்னும் அளவில் பதிவுசெய்தது. அது முழு எண் முறைதான். எனினும் வெளிறல் நிகழ்வது அடர்த்தியில் ஆதலால், அடர்த்தியையே அளந்த அந்த 1,024 படிகள், எதை அளக்கிறோம் என்றறியாத 32 பிட் எண்ணைவிடப் பயனுடையவை. எண்ணின் வகையைவிட எண்ணின் பொருள் முந்தியது.

இன்னொன்று, 0.7843137 என்னும் எழுத்துரு தரும் மயக்கம். ஏழு இலக்கம் கண்டதும் ஏழு இலக்க உண்மை உண்டென்று மனம் ஏற்கிறது. மேலே காட்டிய 40 விழுக்காடு என்னும் வெளிறல் ஓர் எடுகோள். உண்மைப் படியில் அதை மதிப்பிடுபவர் முகத்தின் நிறம், வானம், வெள்ளாடை ஆகியவற்றைக் கொண்டு ஊகிக்கிறார். படலத்தின் அடிநிறம் மஞ்சளித்திருக்கும். ஒவ்வொரு சாயமும் தனக்குரியதல்லாத ஒளியையும் சிறிது தடுக்கும். ஊகம் 38 ஆகவும் இருக்கலாம், 43 ஆகவும் இருக்கலாம். அந்த ஐயத்தை எந்த மிதப்புப் புள்ளி எண்ணும் தன்னுள் எழுதிவைப்பதில்லை. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பது போன்ற பொருளற்ற கணக்கு நேர்ந்தால் மட்டும் ‘எண்ணன்று’ என்னும் தனிக்குறியை அது இடுகிறது. அக்குறியுள்ள ஒரு படப்புள்ளி, மங்கலாக்கும் நிரலில் அண்டைப் புள்ளிகளையும் எண்ணல்லாததாக்கிக் கரும்பொட்டாகப் பரவும். அறியாமையைத் தானே அறிவிக்கும் இடம் கணினி நிறத்தில் இது ஒன்றுதான். அதையும் நிரலர்கள் 0 என்று மாற்றி மறைத்துவிடுவது வழக்கம்.

மூலப்படியும் திருத்தப்படியும்

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது தொடங்கித் தமிழ்ப் பதிப்புலகம் ஒரு நெறியைப் பயின்றுவந்திருக்கிறது. பதிப்பாசிரியர் ஒரு பாடத்தை ஏற்கலாம். ஏற்காத பாடத்தை அழிக்கக் கூடாது. பிரதிபேதம் அடிக்குறிப்பில் நிற்கும். பிற்காலத்தவர் அக்குறிப்பைக் கொண்டு வேறு முடிவுக்கும் வரலாம். திரைப்பட மீட்டெடுப்பில் இந்நெறிக்கு இணையானது, வருடிய மூலக்கோப்பையும் திருத்தக் கணக்கையும் தனித்தனியே பேணுவது. திருத்தம் 1.667 என்னும் அடுக்கு எனில், அவ்வெண் கோப்போடு எழுதப்பட்டிருக்க வேண்டும். அதன் விளைவு மூலத்தின் மேல் எழுதப்படக் கூடாது. கத்தரிக்காத மிதப்புப் புள்ளிக் கணக்கில் இவ்வடுக்கை 0.6 என்னும் எதிரடுக்கால் நீக்கி, நுண்தோராய வேறுபாடு தவிர, மூலத்தை அடையலாம். 8 பிட்டில் விழுங்கப்பட்ட ஏழு இருட்டுகளுக்கு அவ்வழி இல்லை.

நடைமுறையில் பொதுமக்களுக்கு வருவது 8 பிட் படிதான். அதில் தவறில்லை, சுவடி நூலகத்தில் இருக்க, மக்கள் பதிப்பு கடையில் விற்பது போன்றதே அது. தவறு நேர்வது மக்கள் பதிப்பைச் சுவடியாகக் கருதுமிடத்தில். தமிழ்த் திரைப்பட ஆய்வேடுகள் வசனத்தையும் பாடலையும் மேற்கோளாக்கும்போது காட்டும் கவனத்தை வண்ணத்துக்குக் காட்டுவதில்லை. படத்தின் பெயரும் ஆண்டும் தருவதோடு நிறுத்தி, பானுமதியின் ஆடை நிறம் பற்றியோ குகையின் ஒளி பற்றியோ முடிவுரைக்கின்றன. இரு வேறு இணையப் படிகளை அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தால் ஒரே ஆடை இரு நிறமாகத் தோன்றக்கூடும். எது 1956ஆம் ஆண்டின் திரையில் தோன்றியது என்பதற்கு அவ்விரண்டும் சான்றாகா. ஆகவே வண்ணம் பற்றிய ஒவ்வோர் ஆய்வுக்கூற்றிலும் பார்த்த படி எது, அதன் பிட் அளவு என்ன, நிறவெளி எது, திருத்தம் அறியப்பட்டதா என்பவை, சுவடி எண்ணைக் குறிப்பதுபோல், குறிக்கப்பட வேண்டும். அறியப்படாதபோது ‘இப்படியில் சிவப்பாகத் தோன்றுகிறது’ என்பதற்கு மேல் எழுத ஆய்வாளருக்கு உரிமை இல்லை.